பள்ளத்துக்கு முதுகு காட்டி

என் வீட்டுக்காரர் என்னை எங்கேயும் கூட்டிப் போனதில்லை என்று சொன்னால் அது அபாண்டம். கல்யாணமான பதினோரு வருடத்தில் மூன்று இடங்களுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி, ரேஷன் கார்டில் பாப்பா பெயரைச் சேர்க்க ஒரு ஆபீஸ், அவருடைய சித்தப்பா சாவுக்குத் திண்டிவனம். முதல் இரண்டிலும் வரிசையில் நின்றேன், மூன்றாவதில் வந்தவர்களுக்குக் காபி போட்டேன்.

அப்படிப்பட்டவர் மாட்டுப் பொங்கல் அன்று சாயங்காலம் என் தங்கை இனியாவின் ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு நாமளும் இங்க போலாம்" என்றார். நான் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

இனியாவுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகிறது. மாப்பிள்ளை அவளை மலைக்குக் கூட்டிப் போயிருந்தான். காட்டுக்கு நடுவே ஒரு வியூ பாயிண்ட். கீழே பெரிய பள்ளம், அதன் அடியில் நூல் போல ஒரு ஆறு. பள்ளத்தின் ஓரத்தில் பச்சைத் தடுப்புக் கம்பி, அதில் சாய்ந்துகொண்டு இரண்டு பேரும் பல்லைக் காட்டுகிறார்கள். வயிற்றெரிச்சல் தாங்காமல் நான்தான் அந்தப் படத்தை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். அவர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்தார். ஆற்றைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"இது எந்த மலைன்னு கேளு" என்றார். கேட்டேன். அந்த மலையின் பெயரை இங்கே சொல்ல மாட்டேன், அங்கே இருப்பவர்களுக்கு வீண் பேச்சு வரும். விழுப்புரம், கள்ளக்குறிச்சி எல்லாம் தாண்டிப் போக வேண்டும் என்பது மட்டும் போதும்.

என் பெயர் துர்கா. புதுச்சேரி நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். என் வீட்டுக்காரர் அருள்முருகன் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வெல்டர். கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி, எது கொடுத்தாலும் செய்வார். பேச மட்டும் தெரியாது. அவர் பேசாத பேச்சையும் சேர்த்து நான் பேசிவிடுவதால் வீட்டில் குறை எதுவும் இல்லை.

பாப்பாவை என் அம்மா வீட்டில் விட்டோம். விடிவதற்கு முன் எழுந்து புளிசோறு கிளறினேன், பொங்கலுக்கு எடுத்த மாம்பழக் கலர் புடவையைக் கட்டினேன், மலையில் குளிருமே என்று ஒரு சால்வையும் எடுத்துக்கொண்டேன். அவர் ஒரு பையோடு வந்தார். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருமுனையிலேயே விழுப்புரம் பஸ் நிற்கும். காணும் பொங்கல் கூட்டத்திலும் சண்டை போட்டு இரண்டு இடம் பிடித்தேன். அவர் பையை மடியிலேயே வைத்துக்கொண்டார். பஸ் குலுங்கும்போதெல்லாம் பைக்குள் கணகண என்று ஒரு சத்தம் கேட்டது.

எங்கள் ஊர் எல்லை முடிகிற இடத்தில் போலீஸ் ஏறினார்கள். புதுச்சேரிக்காரன் பைக்குள் கணகண என்று கேட்டால் தமிழ்நாட்டுப் போலீசுக்கு ஒரே எண்ணம்தான் வரும். ஒருவர் நேராக எங்களிடம் வந்தார்.

"எத்தனை பாட்டில்?"

"பாட்டில் இல்ல சார்" என்றார் இவர்.

"தொற."

திறந்தார். போலீஸ்காரர் கையை விட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். தலை கூராக இருக்கும் சின்னச் சுத்தியல். கம்பி பிரஷ். ஒரு கட்டு வெல்டிங் ராடு. கறுப்புக் கண்ணாடி வைத்த முகமூடி. கடைசியில் என் புளிசோற்று டப்பா. போலீஸ்காரர் முகத்தில் அப்படி ஓர் ஏமாற்றம். "இதெல்லாம் எடுத்துக்கிட்டு எங்க போறீங்க?" என்று கேட்டார். "மலைக்கு டூரு சார்" என்றார் இவர். அவர் என்னைப் பார்த்தார், பாவம் என்பது போல. இறங்கிப் போய்விட்டார்.

பஸ் கிளம்பியது. நான் வாயைத் திறக்கவில்லை. நான் பேசாமல் இருந்தால் இவருக்குப் பயம் வரும்.

விழுப்புரத்தில் பஸ் மாறி, கள்ளக்குறிச்சிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது அவராகவே ஆரம்பித்தார். "துர்கா, அந்த ரெய்லிங் நான் பண்ணது."

"எது?"

"இனியா சாஞ்சுக்கினு நிக்குதே, அந்தப் பச்ச ரெய்லிங். போன ஆடியில எங்க பட்டறையிலதான் பண்ணோம். ஏதோ மலைக்குன்னு சொன்னாங்க, எந்த மலைன்னு தெரியாது. நடுவுல இல மாதிரி வளச்சு வெச்சிருக்கும் பாரு, அது என் கை வேல. போட்டோவுல பாத்த உடனே தெரிஞ்சிடுச்சு."

எனக்குச் சட்டென்று சந்தோஷம் வந்தது. தான் செய்த வேலையைக் காட்டத்தான் கூட்டிப் போகிறார், சுத்தியல் ஏதோ பழக்க தோஷம் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

"அதுல ஒரு ஜாயிண்ட் நான் முடிக்கல" என்றார்.

பிறகு மெதுவாக, ஊர் ஊராகப் பஸ் நின்று கிளம்ப, சொல்லி முடித்தார். இரும்பை முதலில் அதனதன் இடத்தில் நிறுத்த இரண்டு மூன்று பொட்டு வைப்பார்கள், அதற்கு டாக் என்று பெயர். அதன் பிறகுதான் சுற்றிலும் முழுசாக வெல்டிங் ஓட்டுவார்கள். டாக் என்பது துணிக்கு நூலோட்டி வைப்பது மாதிரி, தையல் இல்லை. கடைசிக் கம்பியின் மேல் பைப்பில் ஒரு பக்கம் மட்டும் முழுசாக ஓட்டியிருந்தார். மறுபக்கம் வெறும் டாக். அதற்குள் அவசரமாக ஓர் இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. காலையில் வந்து முடித்துக்கொள்ளலாம் என்று போனார். மறுநாள் காலையில் வந்தால், கூட வேலை செய்கிறவன் அதற்கும் சேர்த்துப் பெயிண்ட் அடித்து, விடியற்காலையிலேயே லாரி ஏற்றி அனுப்பிவிட்டிருந்தான். முதலாளி, "எல்லாம் முடிஞ்சுதில்ல அருளு?" என்று கேட்டார். இவர் முடிந்தது என்று சொல்லிவிட்டார்.

"ஏன் சொன்னீங்க?"

"வாயில வந்துடுச்சு."

எனக்கு வந்த கோபத்தில் பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிடலாம் போல இருந்தது. "அஞ்சு மாசமா சோறு எப்படி எறங்குச்சு உங்களுக்கு? போன் பண்ணிச் சொல்ல வேண்டியதுதானே?"

"நேத்து ராத்திரியிலிருந்து அந்த மல ஆபீசுக்குப் பண்ணிக்கினுதான் இருக்கேன். பொங்கல் லீவு, யாரும் எடுக்கல. முதலாளிகிட்ட சொன்னா வேல போயிடும். எந்த எடம்னு நான் பாத்தாதான் தெரியும். இன்னைக்குக் காணும் பொங்கல். எவ்ளோ பேரு வந்து சாய்வாங்க."

"அப்படி இன்னா தலபோற அவசரம் அன்னைக்கு?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வீராம்பட்டினம் தேரு" என்றார். "நீ எட்டு தடவ போன் பண்ண."

எட்டு இல்லை, ஒன்பது. என் பிறந்த வீடு வீராம்பட்டினத்துக்குப் பக்கத்தில். ஆடி ஐந்தாம் வெள்ளி அம்மன் தேருக்கு ஊரே லீவு. இவர்கள் பட்டறையில் மட்டும் லாரி வருகிறது என்று வேலை வைத்திருந்தார்கள். வீட்டில் எல்லோரும் "எங்க மாப்பிள்ள?" "எங்க மாப்பிள்ள?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் பெரியப்பா மகளின் புருஷன் காலையிலேயே சில்க் சட்டையோடு வந்து உட்கார்ந்திருந்தான். எனக்கு மானம் போனது. ஒன்பதாவது போனில், இப்போது வராவிட்டால் இனி என் அம்மா வீட்டு வாசலை மிதிக்கவே வேண்டாம் என்று கத்தினேன். இருபது நிமிடத்தில் வந்து நின்றார், சட்டையெல்லாம் பொறி பட்ட ஓட்டையோடு. அவரைப் பார்த்து அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன்.

அதன் பிறகு மலை அடிவாரம் வரைக்கும் நான் பேசவில்லை. இந்த முறை அவரைப் பயமுறுத்துவதற்காக இல்லை.

மலைமேல் மினி பஸ் எங்களை இறக்கிவிட்டபோது மணி பதினொன்று. கார்களும் வேன்களும் சாலையின் இரண்டு பக்கமும் நின்றன. டிக்கெட் வாங்கிக்கொண்டு மரங்களுக்கு நடுவே கல் பதித்த பாதையில் நடந்தோம், நடந்தோம் என்ன, ஓடினோம். கூட்டத்தின் சத்தம் முன்னாலேயே கேட்டது. பாதை திரும்பியதும் திடீரென்று எதிரே மரங்கள் இல்லை, வானம்தான் இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் ஒரு கணம் நின்று 'அடேயப்பா' என்றார்கள். நாங்கள் நிற்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கம்பியைப் பார்த்துக்கொண்டு நடந்தோம்.

"இலையோட நுனி எல்லாத்துலயும் வலப்பக்கம் பாக்கும்" என்றார் அவர். "கடைசியா பண்ணதுல மட்டும் அவசரத்துல இடப்பக்கம் வளச்சிட்டேன். அதுக்குப் பக்கத்துக் கம்பம்தான்."

பாறை விளிம்பில் வளைந்து போகும் நீளமான தடுப்பு. வலம், வலம், வலம் என்று சொல்லிக்கொண்டே போனேன். ஏதாவது ஒரு மூலையில், புதருக்குப் பின்னால், யாரும் வராத இடத்தில் அது இருக்கட்டும் அம்மா என்று எங்கள் அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். அது நட்ட நடுவில் இருந்தது. அதற்கு நேர் எதிரே யாரோ புண்ணியவான் 'செல்ஃபி பாயிண்ட்' என்று பலகையும் நட்டு வைத்திருந்தார்.

அங்கே ஒரு குடும்பம் நின்றது. அந்தக் குடும்பத்து அப்பா, நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்றைத் தூக்கி அந்த மேல் பைப்பின் மீது உட்கார வைத்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனை நீட்டிக்கொண்டிருந்தார்.

இவர் அப்படியே நின்றுவிட்டார். கால் நகரவில்லை. தீபாவளி வாரத்தில் இருநூறு பெண்களை ஒரு மாடிப்படியில் நிறுத்தி வைக்கிற குரல் என்னுடையது, அது தானாக வந்தது.

"சார், கொழந்தைய எறக்குங்க. இப்பவே எறக்குங்க."

அவர் திடுக்கிட்டுக் குழந்தையை இறக்கினார். இறக்கிய பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. "நீங்க யாரும்மா? என் கொழந்தைய எனக்குப் பாத்துக்கத் தெரியாதா?" என்றார். நான் அவர்களுக்கும் கம்பிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே குடும்பத்தோடு பக்கத்தில் இருந்த அருவியைப் பார்க்கப் போனார்.

இனிப் பார்த்தாக வேண்டும். வெல்டிங் விட்டுப்போன பக்கம் பள்ளத்தைப் பார்த்த பக்கம். அதைப் பார்க்க வேண்டுமானால் அந்தப் பைப்பின் மீதே சாய்ந்து எட்டிப் பார்க்க வேண்டும். இவர் எட்டப் போனார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பக்கத்தில் ஒரு காலேஜ் பெண் நீளமான குச்சியில் போனை மாட்டி வைத்திருந்தாள். "அம்மாடி, அதக் கொஞ்சம் தாயேன்" என்று வாங்கி, என் போனை மாட்டி, கம்பிக்கு அந்தப் பக்கம் நீட்டி வீடியோ எடுத்தேன்.

இரண்டு பேரும் தலையைச் சேர்த்து வைத்துப் பார்த்தோம். பச்சைப் பெயிண்ட் விரிசல் விட்டிருந்தது. விரிசலிலிருந்து துரு, அழுத கண் மை மாதிரி கீழே வழிந்திருந்தது. மூன்று டாக்கில் இரண்டு விட்டுப்போயிருந்தது. நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி. அந்த இடத்தில் நேற்று இனியா சாய்ந்து சிரித்தாள்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சத்தம் கேட்டு டிக்கெட் கவுண்டரில் இருந்த பெரியவர் வந்தார். கலியபெருமாள் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. "இன்னாம்மா பிரச்சன? எல்லாரும் வராங்க போட்டோ எடுக்குறாங்க, நீங்க ஏன் தகராறு பண்றீங்க?"

"இந்தக் கம்பி ஒடஞ்சிருக்குங்க. யாரையும் விடாதீங்க."

"புதுசும்மா இது. கவர்மெண்ட் வேல, ஸ்ட்ராங்கா இருக்கும்."

"கவர்மெண்ட் பண்ணலீங்க..." என்று நான் ஆரம்பித்து நிறுத்தினேன். யாரோ செய்தது என்று சொல்லிவிடலாம். நாங்கள் வெறும் சுற்றுலாப் பயணிகள், கண்ணில் பட்டது, சொல்கிறோம், அவ்வளவுதான். யாருக்குத் தெரியப் போகிறது. உண்மையில் அப்படித்தான் சொல்ல வாய் வந்தது.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். "நான் பண்ணது சார்" என்றார். "பாண்டிச்சேரியிலேர்ந்து வரேன். இந்த ஜாயிண்ட் நான் முடிக்காம வுட்டுட்டேன். முடிஞ்சிடுச்சுன்னு பொய் சொல்லிட்டேன். இப்ப முடிக்கணும்."

பதினோரு வருடத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எனக்குப் பயமாகவும் இருந்தது, இவர் என் புருஷன் என்று அந்தக் கூட்டத்துக்கே சொல்ல வேண்டும் போலவும் இருந்தது.

கலியபெருமாள் வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது தடவையும் பார்த்தார். "என் பேத்தி முந்தாநாள் இங்கதான் தொங்கிக்கிட்டு நின்னுது" என்றார். வேறு எதுவும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கீழே ஊரில் இராமதாஸ் என்று ஒருவரிடம் வெல்டிங் மெஷினும் ஜெனரேட்டரும் இருக்கிறது, பொங்கலுக்குக் கடை பூட்டியிருக்கும், வீட்டுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும் என்றார். தன் வண்டிச் சாவியை எடுத்து நீட்டினார். "கயிறு கட்டி மறிக்கலாம்னா அந்த ரூம் சாவி லீவுல போன ஆள்கிட்ட இருக்கு. நான் கவுண்டர வுட்டு வர முடியாது. இங்க யாரு நிப்பா?"

"நான் நிக்கிறேன்" என்றேன்.

என் வீட்டுக்காரர் சாவியை வாங்கிக்கொண்டு போனார். நான் சால்வையை எடுத்து இந்தக் கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் குறுக்கே கட்டினேன், அதற்கு முன்னால் பள்ளத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

முதலில் உண்மையைத்தான் சொன்னேன். "கம்பி சரியில்ல, கிட்ட வராதீங்க." அது எவ்வளவு பெரிய தப்பு என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்தது. ஒரு இளைஞன், "அப்படியா? பாக்கலாம்" என்று கையை நீட்டி ஆட்டிப் பார்க்க வந்தான். அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்த வேண்டியதாகிவிட்டது. நம் ஜனங்களிடம் தொடாதே என்றால் தொடுவார்கள். ஒன்பது வருடம் புடவை விற்றவள் இதை மறந்திருக்கக் கூடாது.

அப்புறம் கடை முறைக்கு மாறினேன். "இங்க நின்னா வெயில் முதுகுல அடிக்கும், முகம் கறுப்பா விழும். அந்தக் கோடிக்குப் போங்க, ஆறும் சேர்ந்து விழும், அப்படி ஒரு போட்டோ வரும். இப்பதான் ஒரு கல்யாண ஜோடி எடுத்துட்டுப் போச்சு." ஒரு சாமானை விற்பதை விட ஒரு சாமானை விற்காமல் இருக்கத்தான் அதிகச் சாமர்த்தியம் வேண்டும். கூட்டம் கூட்டமாகக் கோடிக்குப் போனார்கள். நன்றி சொல்லிவிட்டு வேறு போனார்கள்.

மணி ஒன்று ஆனது, இரண்டு ஆனது. உட்கார்ந்தபடியே புளிசோற்றைச் சாப்பிட்டேன், அவர் பங்கைத் தனியாக வைத்தேன். எழுந்து திரும்பி ஒரு தடவை பள்ளத்தைப் பார்க்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் ஓர் ஆள் வந்துவிடுவார். உண்மையைச் சொன்னால் பார்க்கத் தைரியமும் இல்லை. எவ்வளவு ஆழம் என்று தெரிந்துவிட்டால் அந்தக் குழந்தை ஞாபகம் வரும். அதனால் வந்தவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதை திரும்பியதும் அவர்கள் புருவம் உயரும், வாய் திறக்கும், சண்டை போட்டுக்கொண்டு வந்த புருஷன் பெண்டாட்டிகள் பேச்சை நிறுத்துவார்கள். ஒரு நடக்க முடியாத அம்மாவை மகன்கள் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள், அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அன்றைக்கு அந்தப் பள்ளத்தை நான் பார்த்தது அப்படித்தான்.

மூன்று மணிக்கு மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. போனில் சிக்னல் இல்லை. மெஷின் கிடைக்கவில்லையா, இராமதாஸ் ஊரில் இல்லையா, அந்தப் பழைய வண்டி வளைவில் எங்கேயாவது சாய்ந்துவிட்டதா. ஒன்பது தடவை போன் செய்தவளுக்கு ஒரு தடவைகூடச் செய்ய முடியவில்லை. நல்ல தண்டனை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றரைக்கு அவர் வந்தார். பின்னாலேயே நான்கு பேர் ஜெனரேட்டரைத் தூக்கி வந்தார்கள். இராமதாஸ் பட்டு வேட்டியோடு வந்திருந்தார், மாமியார் வீட்டு விருந்தில் பாதியில் எழுந்து வந்ததாகச் சொன்னார். அவர் கொண்டுவந்த கயிற்றைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

"முதலாளிக்கும் போன் பண்ணிட்டேன்" என்றார் இவர், என் முகத்தைப் பார்க்காமல். முதலாளி புருஷோத்தமன் கோபக்காரர், ஊருக்கே தெரியும்.

"இன்னா சொன்னாரு?"

"மொதல்ல அத ஓட்டு, அப்பறம் மத்த எல்லா ஜாயிண்டையும் தட்டிப் பாத்துட்டு போட்டோ அனுப்பு, திங்கக்கெழம வா பேசிக்கலாம்னாரு."

திங்கட்கிழமை என்ன பேசுவார் என்று தெரியாது. ஆனால் மற்ற ஜாயிண்டைப் பார் என்று வேலையை விட்டுத் துரத்தப் போகிறவனிடம் சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கலியபெருமாள் கவுண்டரை மூடிவிட்டு வந்து கூட்டத்தைத் தள்ளி நிறுத்தினார். இராமதாஸ், "நான் ஓட்டுறேன் தம்பி, எனக்கு இந்த எடம் பழக்கம்" என்றார். இவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பின்னால் இருந்த மரத்தைச் சுற்றி, கலியபெருமாளும் இராமதாசும் பிடித்துக்கொண்டார்கள். இவர் நல்ல கம்பியாகப் பார்த்துத் தாண்டி, பாறை விளிம்பில் கால் வைத்து, அந்தப் பக்கம் போய் நின்றார். முதலில் கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தார். வெள்ளையாக இரும்பு தெரிகிற வரைக்கும் தேய்த்தார், அவசரமே இல்லாமல். நான் அடுத்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அவர் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முகமூடியை மாட்டப் போனவர் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"துர்கா, இந்த வெளிச்சத்தப் பாக்காத, கண்ணு கெட்டுடும். அந்தப் பக்கம் திரும்பிக்க."

அவர் கால்விரலை விட்டுவிட்டு, கம்பிக்கு வெளியே நேராகத் திரும்பினேன்.

அப்போதுதான் அந்தப் பள்ளத்தைப் பார்த்தேன். எதிர்ப் பாறை முழுக்கச் சாயங்கால வெயில் விழுந்து தேன் நிறமாக இருந்தது. கீழே, கீழே, இன்னும் கீழே மரங்கள், காய்கறிக் கடையில் கொத்துமல்லி அடுக்கி வைத்தது போல நெருக்கமாக. அடியில் ஆறு நகர்வதே தெரியவில்லை, ஆனால் காதைக் கொடுத்தால் சத்தம் மேலே வந்தது. இரண்டு பருந்துகள் எங்களுக்குக் கீழே பறந்தன. பறவையின் முதுகை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இவ்வளவு பெரிய ஒன்று காலையிலிருந்து என் முதுகுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது.

பக்கத்தில் வெல்டிங் பிடிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். சரியாகப் பிடிக்காவிட்டால் சடசட என்று விட்டு விட்டு வரும், சரியாகப் பிடித்தால் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரே சீராக வரும். ஒரே சீராக வந்தது. நீல வெளிச்சம் என் கைமேலும் கம்பிமேலும் விழுந்து விழுந்து போயிற்று. நான் அழுதேன். பயத்தில் அழுதேனா, அந்த இடத்தின் அழகில் அழுதேனா என்று கேட்டால், இரண்டுக்கும்தான். அன்றைக்குத் தேர் அன்று கேட்டிருக்க வேண்டிய சத்தம் இது என்றும் நினைத்தேன், நான்தான் அதைப் பாதியில் நிறுத்தினேன். அது முழுசாக முடிகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

முடிந்தது. சுத்தியலால் வெல்டிங்மேல் படிந்த கருந்தோலைத் தட்டி உதிர்த்துப் பார்த்தார், ஓர் இடம் திருப்தியில்லை என்று இன்னொரு ராடு எடுத்தார். நான் மறுபடி பருந்துகளைப் பார்த்தேன். பிறகு அவர் இந்தப் பக்கம் தாண்டி வந்து, கயிற்றைக்கூட அவிழ்க்காமல், ஆறியதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, அந்தப் பைப்பின்மேல் முழு உடம்பையும் போட்டுச் சாய்ந்து ஆட்டினார். எனக்கு உயிரே போனது. கம்பி அசையவில்லை.

அதோடு விடவில்லை. கோடியிலிருந்து கோடிவரை ஒவ்வொரு ஜாயிண்டாகத் தட்டிக் கேட்டுக்கொண்டே போனார். கூடவே நான் போன் பிடித்துப் படம் எடுத்தேன். எல்லாம் நன்றாக இருந்தன. இராமதாஸ் ஒரு ரூபாய்கூட வாங்க மாட்டேன் என்றார், பாதி விருந்துக்குத் திரும்பிப் போனார். கலியபெருமாள் என் சால்வையை அவிழ்த்து மடித்துக் கொடுத்தார். "தப்பு பண்ணவன் மலையேறி வந்து நான் இப்பதான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுக் கவுண்டருக்குப் போனார்.

அருவிக்குப் போன அந்தக் குடும்பம் திரும்பி வந்தது. குழந்தையின் அப்பா வெல்டிங் மெஷினையும் கருகிய பெயிண்டையும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். குழந்தையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் அவளுக்கு டாட்டா காட்டினேன்.

வெயில் இறங்கிவிட்டது. கடைசி மினி பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி இருந்தது. அவர் ஆறிப்போன புளிசோற்றை நின்றுகொண்டே சாப்பிட்டார். இலை இடப்பக்கம் பார்க்கிற அந்தக் கம்பியருகில் போய் நின்றோம்.

"அடுத்த ஆடிக்குத் தேரன்னைக்கு வேல இருந்தா," என்று கேட்டார், "எத்தன தடவ போன் பண்ணுவ?"

"ஒரு தடவ" என்றேன். "வேல முடிஞ்சுதான்னு கேக்க."

அவர் சிரித்தார். நான் அந்தப் பைப்பின்மேல் இரண்டு கையையும் ஊன்றி, நன்றாகச் சாய்ந்து, கீழே ஆற்றைப் பார்த்தேன்.